இடது கையில் நாற்பத்தேழு புள்ளி மூன்று

என் இடது கையில் எப்போதும் ஏதாவது எழுதியிருக்கும். மணிக்கட்டுக்கு மேலே, முழங்கைக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு. பஸ் நேரம், வாங்க வேண்டிய பால், அடுப்பில் ஏற்றிவிட்டு வந்த சோறு, யாரையோ திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்ன வாக்கு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. இந்தக் கையைக் காட்டித்தான் என்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள்.

பழக்கம் தொடங்கியது ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாசாயில், ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில். பள்ளியின் கடைசி வருடம், படிவம் ஐந்து தேர்வு முடிந்த விடுமுறையில் அங்கே வேலைக்குப் போனேன். கடைக்காரர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே பரிமாறுகிற ஓர் அண்ணன் இருந்தார். எட்டு மேசையில் உள்ளவர்கள் கேட்டதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் தலையில் வைத்துக்கொண்டு வந்து, அடுக்களையைப் பார்த்துக் கத்துவார். யாருக்குச் சீனி வேண்டாம், யாருக்கு ஐஸ் குறைவு, யார் முட்டையை நன்றாக வேக வைக்கச் சொன்னார், ஒன்றும் தப்பாது. அவருடைய தலையை நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு மேசைக்கும் அடுக்களைக்கும் இடையில் பன்னிரண்டு அடி. ஆறாவது அடியில் யாராவது "தண்ணி ஒண்ணு" என்பார்கள். தண்ணீர் தலைக்குள் வரும், மற்றதெல்லாம் வெளியே போய்விடும். எழுதிக்கொள்ளப் புத்தகம் கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்பது அடுத்த பிரச்சினை ஆனது. இரண்டாம் நாள் கையிலேயே எழுதத் தொடங்கினேன்.

"என்னம்மா, கையில மருதாணியா?" என்று கடைக்காரர் கேட்டார். "கஸ்டமர் பாத்தா என்ன நெனைப்பாங்க? கழுவிட்டு வாம்மா."

நான்காம் நாள் மீ கோரெங் என்ற வறுத்த மீ ஒரு பொட்டலம் கையில் கொடுத்து, "படிக்கிற பிள்ளை, நீ படிப்பைப் பாரு" என்று அனுப்பி வைத்தார். நல்ல மனிதர். கோபமே படவில்லை. படிக்கிற பிள்ளை என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன்.

பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகத்தான் படித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரே பாடத்தை இருபது தடவை உரக்கப் படிப்பேன். அப்படி ஏறியது இறங்காது. இன்றைக்கும் படிவம் மூன்று வரலாற்றுப் பாடத்தை வரி மாறாமல் சொல்வேன். அந்த வருடம்தான் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அம்மா பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகளின் முதுகில் அச்சடித்த எண்களை உருப்பெருக்கியில் பார்த்து, பட்டியலில் உள்ள எண்ணோடு சரியா என்று சொல்லும் வேலை. நாளெல்லாம் எண்கள். பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியலுக்கு எனக்கு இடம் கிடைத்த அன்று, அம்மா தொழிற்சாலை பஸ்ஸில் வரும் எல்லாருக்கும் கேசரி செய்து எடுத்துப் போனார். அந்த பஸ்ஸில் பத்துப் பதினைந்து மாசாய்க்காரப் பெண்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு நான் "எஞ்சினியர் பொண்ணு".

எஞ்சினியர் பொண்ணு முதல் வருடமே தடுமாறினாள். கணக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கணக்கின் முதல் பாதியில் வரும் விடையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதிக்குப் போக வேண்டும். பக்கத்தைத் திருப்புவேன். விடை போயிருக்கும். திரும்பிப் பார்க்கப் போனால் எதற்காகத் திரும்பினேன் என்பது போயிருக்கும். விரிவுரையில் ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த மூன்று வரிகள் என் தலைக்கு மேலே கடந்து போகும். விடுதி அறையில் நாலு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு பக்கம் படித்துவிட்டு, அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருந்தது என்று என்னையே கேட்டு, பதில் வராமல் அழுதிருக்கிறேன். இரண்டாம் செமஸ்டர் முடிவில் என் புள்ளிகள் எல்லைக்குக் கீழே போயின. இன்னொரு தடவை கீழே போனால் படிப்பு முடிந்தது என்று கடிதம் வந்தது.

மாணவர் ஆலோசகர் ஒருவர்தான் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு சீன டாக்டரம்மா, என் அம்மா வயதுதான் இருக்கும், ஒரு சோதனை வைத்தார். அவர் எண்களைச் சொல்வார், நான் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். ஏழு, இரண்டு, ஒன்பது என்றால் ஒன்பது, இரண்டு, ஏழு. மூன்று எண் வரை சிங்கம் நான். நான்கு எண் என்றதும் முதல் எண்ணைத் தேடிப் போவேன், கடைசி எண் காணாமல் போகும். ஐந்து எண் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் முடிந்தது.

ஏ.டி.எச்.டி. என்றார். உன் மூளைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்றைச் சில வினாடி கையில் பிடித்து வைத்திருக்கும் இடம் சிறியது என்றார். அதற்கு வேலை நினைவு என்று பெயராம். ஓடியாடுகிற பிள்ளைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள், உன்னைப் போல அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்களை யாரும் கவனிப்பதில்லை என்றும் சொன்னார். இதைக் கேட்டு ஆறுதல் அடைய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருடமாக "கவனமா இரு" என்ற ஒரே மருந்தை எல்லாரும் எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அது ஆம்பளப் பசங்களுக்கு வர்றதுதானே? ஓடிக்கிட்டே இருப்பாங்களே. நீ உக்காந்த எடத்துல உக்காந்திருப்ப."

"உள்ளுக்குள்ள ஓடுதும்மா."

"எல்லாருக்கும் உள்ள ஓடத்தான் செய்யும்."

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த ஞாயிறு அம்மா பாசாரிலிருந்து நாலு கட்டு வல்லாரை வாங்கி வந்தார். இங்கே பெகாகா என்பார்கள். தேங்காய் போட்டுத் துவையல், பச்சையாகச் சம்பலோடு, அடித்துச் சாறாக ஒரு குவளை. ஞாபக சக்திக்கு. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தப்பவில்லை. நான் மறுபேச்சில்லாமல் குடித்தேன். டாக்டரைவிட வல்லாரைதான் அம்மாவுக்குப் புரிந்தது என்பதில் எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அந்தக் குவளையை அம்மா கையிலிருந்து வாங்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

டாக்டரின் கடிதத்தால் ஒரு சலுகை கிடைத்தது. தேர்வுக்கு அரைமணி நேரம் கூடுதல், தனி அறை. அந்த அறையில் ஆறு பேர்தான் எழுதுவோம். கண்காணிப்பாளராக ஒரு மலாய்க்கார ஐயா வருவார். என் கைப் பழக்கத்தை முதல் நாளே அவரிடம் சொன்னேன். தாளில் எழுதினால் தாளிலுள்ள மற்ற எண்களோடு கலந்துவிடும், கையில் எழுதினால் பக்கம் திருப்பினாலும் கூடவே வரும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தேர்வு தொடங்குவதற்கு முன் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளுக்கும் அப்படியே செய்தார். அந்த செமஸ்டரில் என் புள்ளிகள் எல்லைக்கு மேலே வந்தன. பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடிதத்தின் எச்சரிக்கை என் பெயரின் மேல் அப்படியே நின்றது.

அந்தச் சலுகையை ஒவ்வொரு செமஸ்டரும் புதுப்பிக்க வேண்டும். மறதிக்காரர்களுக்குக் கொடுக்கும் சலுகையை, மறக்காமல் வந்து கேட்க வேண்டும் என்று விதி வைத்தவர் யாரோ, அவரை நான் பார்க்க விரும்புகிறேன். மின்னஞ்சல் வந்தது. படித்தேன். கையில் "படிவம்" என்று எழுதினேன். பிறகு குளித்தேன். அடுத்த தடவை அந்தப் படிவத்தைப் பற்றி நினைத்தபோது கடைசித் தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அலுவலகத்தில் கெஞ்சினேன். அடுத்த செமஸ்டர் வா என்றார்கள்.

அதனால்தான் அன்று நான் பெரிய மண்டபத்தில் இருந்தேன். நீரியல் தாள். நானூறு பேர், குளிர்சாதனக் குளிர் எலும்பு வரை ஏறியது. நீளக்கைச் சட்டை போட்டிருந்தேன். காலையில் கையில் இரண்டு விஷயம் எழுதியது நினைவிருக்கிறது. திரும்பும் பஸ்ஸுக்கு "5.40". விடுதி அறைச் "சாவி". அன்று தாள் நன்றாக வந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து கேள்வியில் ஐந்தையும் முடித்த ஒரே தேர்வு என் வாழ்க்கையில் அதுதான். நேரம் முடிந்து, விடைத்தாளைக் கொடுக்கக் கையை நீட்டினேன். சட்டைக் கை மேலே ஏறியது.

"அடிக், இது என்ன?" என்று, மலாயில் தங்கச்சி என்று கூப்பிடுவதுபோல், கேட்டார் கண்காணிப்பாளர் அம்மா.

கைபேசியில் படம் எடுத்தார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். கையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. நானூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டு, பஸ் பிடித்து, நேராக மாசாய்க்கு வந்துவிட்டேன்.

அம்மா வேலை முடிந்து வந்து, நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக் குழாயடிக்குப் போனார். தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்தார். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. பிறகு மறுபடி எண்ணெய். அக்கம்பக்கத்தில் யாரும் பார்ப்பதற்குள் அது போய்விட வேண்டும் என்பதுபோல் தேய்த்தார். தோல் சிவந்து எரிந்தது. எனக்கு எட்டு வயதாக இருந்திருந்தால் அழுதிருப்பேன். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை என்று கடிதம் வந்தது. விஷயத்தை அலுவலகத்தில் ஒருவர் எனக்குத் தெளிவாகவே விளக்கினார். மண்டபத்துக்குள் உட்கார்ந்து எழுதியது என்றால் அது ஒழுங்கு தவறியது. எச்சரிக்கை கொடுத்து, விடைத்தாளைத் திருத்துவார்கள். வெளியே எழுதிக்கொண்டு உள்ளே வந்தது என்றால் அது ஏமாற்று வேலை. தாளுக்குச் சைபர். ஏற்கெனவே எச்சரிக்கையில் இருக்கும் எனக்கு அதற்கு மேல் படிப்பு இல்லை. எல்லாம் ஒரே கேள்விதான். எப்போது எழுதினாய்?

எனக்கு நினைவில்லை.

சத்தியமாக நினைவில்லை. பஸ் நேரமும் சாவியும் காலையில் எழுதியவை, அது தெரியும். ஆனால் அந்தப் படத்தில் "கணக்கு வடிவில் ஒரு குறிப்பு" இருப்பதாகக் கடிதம் சொன்னது. அன்று காலை பஸ்ஸில் பழைய கணக்குகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போது கையில் எழுதியிருக்கலாம். மண்டபத்திலும் எழுதியிருக்கலாம். மூக்கைச் சொறிவது போன்ற பழக்கம் அது. எத்தனை மணிக்கு மூக்கைச் சொறிந்தாய் என்று கேட்டால் யார் சொல்வார்கள்?

அம்மா ஒரு தடவைகூட "நீ செஞ்சியா?" என்று கேட்கவில்லை. அதைத்தான் நான் அன்றும் பிறகும் அதிகம் நினைத்தேன். விசாரணைக்கு முந்தைய ஞாயிறு, சமையலறையில் வல்லாரை ஆய்ந்துகொண்டே எனக்குப் பாடம் எடுத்தார்.

"மூணே மூணு வார்த்தை. உள்ளதான் எழுதினேன். பேப்பர்ல எழுதினா எனக்கு மறந்துடும். டாக்டர் லெட்டர் இருக்கு. சொல்லு."

"உள்ளதான் எழுதினேன்னு எனக்குத் தெரியலம்மா."

"தெரியலன்னு சொன்னா வெளிய அனுப்புவாங்க. தெரியும்னு சொல்லு. நாலு பேர் பொய் சொல்லாமயா படிச்சு முடிக்கிறாங்க?"

அதில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. நான் காப்பி அடித்தேன் என்று அம்மா முடிவு செய்திருந்தார். அதற்காக என்னைத் திட்டவும் இல்லை. பெற்ற பிள்ளைக்காக ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டிருந்தார், துவையலோடு சேர்த்து. மலாயில் அந்த மூன்று வாக்கியத்தையும் சொல்ல வைத்தார். சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாவது வாக்கியம் முதலில் வந்தது. மறுபடி. மூன்றாவதைக் காணோம். பள்ளிக்கூட நாட்களைப் போல இருபது தடவை சொன்ன பிறகு அம்மா கொஞ்சம் நிம்மதியாகக் கீரையைக் கழுவப் போனார்.

விசாரணை அறையில் மூன்று பேர். ஒருவரும் என் துறை இல்லை. என் கையின் படத்தை வண்ணத்தில் அச்செடுத்து அவர்கள் முன் வைத்திருந்தார்கள். என் பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழ். பெயர், மாணவர் எண், விதி தெரியுமா, வழிகாட்டிப் புத்தகம் கிடைத்ததா, சலுகைப் படிவம் ஏன் கொடுக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் அம்மாவின் மூன்று வாக்கியங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போயிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வாக்கியம் கழன்றது. கடைசியில் தலைவர் கேட்டார்: "இதை எப்போது எழுதினாய்?"

முதல் வாக்கியம் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. மறந்துவிட்டதாக அம்மாவிடம் பிறகு சொன்னேன். அது உண்மையில்லை. உள்ளேதான் எழுதினேன் என்ற அந்த ஒரு வரி நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இருபது வருடமாக என் தலை எனக்குத் துரோகம் செய்திருக்கிறது, வாயாவது நேர்மையாக இருக்கட்டும் என்று தோன்றியது.

"எனக்கு நினைவில்லை" என்றேன்.

"உன் கையில் நீ எழுதியது எப்போது என்று உனக்கே நினைவில்லையா?"

"இல்லை."

டாக்டரின் கடிதத்தைக் காட்டினேன். படித்தார்கள். ஓர் அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். மாணவி மறுக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பத்து நாளில் முடிவு வந்தது: தாளுக்குச் சைபர், அதற்கு மேல் படிப்பு இல்லை. மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் கொடுத்திருந்தார்கள். என்ன சொல்லி முறையிடுவது? கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேசையில் வைத்தேன். அம்மா அதைப் பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் போட்டு, அலமாரிக்கு மேலே வைத்தார். நான் பொய் சொல்லவில்லை என்ற ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு திமிரே இருந்தது.

பஸ்ஸில் வரும் பெண்களிடம் அம்மா சொல்லவில்லை. அது எனக்குத் தைப்பூசத்தன்று கோயிலில் தெரிந்தது. அந்த பஸ்ஸில் வரும் ஓர் அத்தை என் கன்னத்தைத் தடவி, "கான்வகேஷன் எப்பம்மா? எங்களுக்குச் சாப்பாடு உண்டுதானே?" என்றார். அம்மா வேறு பக்கம் பார்த்தார். "இன்னும் இருக்கு ஆன்ட்டி" என்றேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தப் பெண்கள் வரக்கூடிய கல்யாணம், காதுகுத்து, எதற்கும் நான் போகவில்லை. மாலையில் அம்மாவின் பஸ் வந்து நிற்கும் நேரத்தில் கடைத்தெருவுக்குப் போக மாட்டேன். இருபத்து நான்கு வயதில், சொந்த ஊரில், ஒளிந்து திரிந்தேன்.

பக்கத்து ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு பொருள் கிடங்கில் வேலை கிடைத்தது. லாரி வந்து நிற்கும், ஓட்டுநர் எண்களைக் கத்துவார், நான் கையில் எழுதிக்கொண்டு கணினிக்குப் போவேன். முதல் வாரம் பயந்து பயந்து எழுதினேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "கையில எழுதினா உனக்கு மிஸ்டேக் வர்றதில்ல லா, எழுது எழுது" என்று கொச்சைத் தமிழில் சொன்னார். சீனர், தமிழர்களோடு எஸ்டேட்டில் வளர்ந்தவர். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

போன மாதம் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் பகுதி நேர டிப்ளமோவுக்கு விண்ணப்பித்தேன். மூன்று பாடங்களில் ஒரு தேர்வு வைப்பார்கள், தேறினால் அந்தப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டாம். அதில் ஒன்று நீரியல். பழைய கடிதத்தின் நகலும் வேண்டும் என்றார்கள். அலமாரிக்கு மேலிருந்த கோப்பை இறக்கினேன். கடிதத்தின் பின்னால் அந்தப் படம் இருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தேன். "5.40". "சாவி". அதற்குக் கீழே, "47.3 ÷ 0.8". அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதோ ஒரு கணக்கு. நகலெடுத்துவிட்டு மேசையிலேயே விட்டிருந்தேன்.

என்னோடு படித்த ஒருத்தி பழைய தேர்வுத் தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நாங்கள் எழுதிய தாளும் அதில் இருந்தது. சனிக்கிழமை மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றாம் கேள்வி. ஒரு தொட்டி, ஒரு குழாய், முதல் பாதியில் எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்று காண வேண்டும், இரண்டாம் பாதியில் அதை 0.8 ஆல் வகுக்க வேண்டும். முதல் பாதி விடை வந்தது. பக்கத்தைத் திருப்ப வேண்டும். பேனா முனையை இடது கையில் வைத்தேன், எழுதினேன், திருப்பினேன். பிறகு திருப்பிய பக்கத்தை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தேன்.

47.3 ÷ 0.8.

படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம். அதே சாய்வு. அந்தத் தொட்டியும் அந்தக் குழாயும் அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தன. தாளைத் திறப்பதற்கு முன் அந்த எண்ணை எழுத உலகத்தில் யாராலும் முடியாது. நான் உள்ளேதான் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று பேரில் யாராவது கேள்வித்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் போதும். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து நான் எட்டிப் படத்தைத் திருப்பியிருந்தால் போதும். "இது என்ன?" என்று யாரும் கேட்கவில்லை. "எப்போது?" என்றுதான் கேட்டார்கள். நானும் எப்போது, எப்போது என்றே தேடிக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லிக்கொடுத்த பொய் உண்மையாக இருந்திருக்கிறது. அதைச் சொல்ல மறுத்துவிட்டு, அந்த நேர்மையை வைத்துக்கொண்டு மூன்று வருடம் நான் வாழ்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது.

அம்மா வந்தபோது ஏழு மணி இருக்கும். தோளில் தொழிற்சாலைப் பை. உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்தது, அங்கே அப்படித்தான் விதி. என் கையைப் பார்த்தார்.

"இன்னும் இந்தக் கிறுக்கல் போகலையா?" என்று பையைக் கழற்றாமலேயே எண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

"அம்மா, தேய்க்காதீங்க. இதைப் பாருங்க."

கேள்வித்தாளைக் காட்டினேன். என் கணக்கைக் காட்டினேன். படத்தை வைத்தேன். அம்மாவுக்கு நீரியல் தெரியாது. எண் தெரியும். கேள்வித்தாளின் மேலே இருந்த தேதியைப் பார்த்தார். என் விடையில் விரலை வைத்தார், பிறகு படத்தில், பிறகு என் கையில். நான்கு, ஏழு, புள்ளி, மூன்று. வேலையில் செய்வதுபோல இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பை தோளிலேயே இருந்தது.

"அப்ப நீ செய்யலையா?" என்றார்.

மூன்று வருடமாக நான் காத்திருந்த கேள்வி. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

"இல்லம்மா."

அம்மா எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ மூடியிருந்தது.

"நாள் முழுக்க நம்பர்தான் பாக்குறேன்" என்றார். "ஒண்ணு விடாம பாக்குறேன். உன் கையில இருந்தத மட்டும் பாக்காம தேச்சிட்டேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். படம் இருக்கிறதே அம்மா, நீங்கள் அழித்ததால் ஒன்றும் கெடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொல்ல வாய் எடுத்தேன், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாக்கியம் போய்விட்டது. அம்மா எழுந்து போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் வைத்தார். கையைக் கழுவு என்று அன்று அவர் சொல்லவில்லை.